மாலபே ரயில் கோட்டையோடு நிற்கலாமா?

கொழும்பில் வடக்கே இருக்கும் கொட்டாஞ்சேனைக்கும் கிழக்கே இருக்கும் இராஜகிரியவுக்கும் நேர்கோடு போட்டால் ஆறேழு கிலோமீற்றர்தான் வரும். காலை ஏழு மணிக்கு வீட்டிலிருந்து வெளிக்கிட்டால் எட்டேகாலுக்குக் கந்தோரில் இருப்பேன், மழை இல்லாவிட்டால். பஸ்ஸில் போகும் நேரம் அவ்வளவாக உறைப்பதில்லை. புறக்கோட்டையில் இறங்கி, மூட்டை சுமக்கும் நாட்டாமிமாரின் கை வண்டிக்கும் லொறிக்கும் நடுவால் வழி தேடி, அடுத்த பஸ் நிற்கும் இடத்துக்கு நடக்கிறேனே, அதுதான் உறைக்கும். வெள்ளவத்தையில் இருக்கும் அக்கா செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்கு வருவார். அவருக்கும் இதே பாடுதான். கோட்டை வரை ரயிலில் கால் மணித்தியாலம். அங்கிருந்து கோவிலுக்கு த்ரீவீலரில் சில நாள் அதைவிடக் கூட எடுக்கும். "தம்பி, மற்றப் பக்கம் போறவனுக்கு இந்த ஊரில் வழியே வைக்கேல்ல" என்பார்.

அக்கா சொல்வது சரி. 155, 176 போன்ற சில பஸ்களை விட்டால் கொழும்பில் அநேகமாக எல்லா வழியும் கோட்டை, புறக்கோட்டையில் வந்து முடிந்துவிடுகிறது. வேகப் போக்குவரத்து பற்றிய பேச்சு வரும்போதோ லைட் ரயிலா (நகரத்துக்குள் ஓடும் சின்ன மின்சார ரயில்), பஸ்ஸா, மின்சார ரயிலா என்று வண்டியைப் பற்றித்தான் சண்டை. எந்தத் தெருவால் உள்ளே வந்து எந்தத் தெருவால் வெளியே போகும் என்று கேட்பவர்கள் குறைவு. கிழக்குப் புறநகரான மாலபேயிலிருந்து கோட்டை வரை போட இருந்து, 2020ல் கைவிட்ட லைட் ரயிலையும் மற்றத் திட்டங்களையும் நான் அந்தக் கேள்வியிலிருந்து பார்க்கத் தொடங்குகிறேன். நீங்களும் உங்கள் வீட்டிலிருந்து வேலையிடம் வரை மனதில் ஒரு கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு திட்டத்தையும் அந்தக் கோட்டின் மேல் வைத்துப் பார்த்தால்தான் யாருக்கு உதவும் என்று விளங்கும்.

ட்ராம்காரன் போட்ட கணக்கு

கொழும்பில் மின்சார ட்ராம் 1899ல் ஓடத் தொடங்கியது. இரண்டே வழிதான். ஒன்று கோட்டையிலிருந்து மருதானை ஊடாகப் பொரளைக்கு. மற்றது கிராண்ட்பாஸுக்கு. பூஸ்டெட் சகோதரர்களின் கம்பனி தொடங்கியதை 1944ல் மாநகர சபை எடுத்து நடத்தி, 1960ல் நிறுத்திவிட்டது. 1929ல் ட்ராம் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தை நடத்திய ஏ. ஈ. குணசிங்கவின் பெயரில்தான் இன்று குணசிங்கபுர இருக்கிறது. அங்கே இப்போது பஸ் தரிப்பிடம். ட்ராம்காரரின் தலைவர் பெயரில் பஸ் நிற்பது கொழும்புக்கே உரிய வேடிக்கை.

பூஸ்டெட் கம்பனி தர்மம் செய்ய வந்ததல்ல, டிக்கட் காசுக்கு வந்தது. சனம் எங்கே நெருக்கமாக இருக்கிறது, எங்கே வேலைக்குப் போகிறது என்று பார்த்துத்தான் தண்டவாளம் போட்டிருக்கும். அந்தக் கணக்கில் நகரத்துக்கு இரண்டு கை: கிழக்கே பொரளை, வடக்கே கிராண்ட்பாஸ். அதற்குப் பிறகு வந்த திட்டங்கள் கிழக்குக் கையை நீட்டிக்கொண்டே போயின. வடக்குக் கை கடதாசியில் மட்டும் வளர்ந்தது. 2016ல் வந்த மேல் மாகாண மெகாபொலிஸ் பெருந்திட்டத்தில் ஏழு லைட் ரயில் வழிகள் இருந்தன. அதில் ஒன்று மட்டக்குளிப் பக்கம் போகவேண்டியது. கடன் ஒப்பந்தம் வரை போனது மாலபே வழி ஒன்றுதான்.

கைவிட்ட லைட் ரயில்

முதலில் அதையே எடுப்போம், ஏனென்றால் விரிவான வரைபடம் வரை வந்த திட்டம் அது. கோட்டையிலிருந்து கொம்பனித்தெரு, நகர மண்டபம், பொரளை, இராஜகிரிய, பத்தரமுல்லை வழியாக மாலபே வரை சுமார் 15.7 கிலோமீற்றர், 16 நிலையங்கள். தூண்களின் மேல் போகும் பாதை. 2019 மார்ச்சில் ஜப்பானின் கடனுதவி நிறுவனமான ஜைக்காவுடன் முதல் தவணையாக 30 பில்லியன் யென்னுக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. வட்டி 0.1 வீதம். கடனை நாற்பது வருடத்தில் திருப்பிக் கட்டி முடிக்க வேண்டும், அதில் முதல் பன்னிரண்டு வருடம் சலுகைக் காலம். 2020 செப்டெம்பரில், செலவு கூடியது, கொழும்புக்குப் பொருத்தமான தீர்வு அல்ல என்று சொல்லி அன்றைய அரசாங்கம் அதை ரத்துச் செய்தது. அதே ஜைக்கா கொடுத்த கடனில் டாக்காவில் கட்டிய மெட்ரோ 2022 டிசம்பரில் ஓடத் தொடங்கியது. அந்த வருடம் ஏப்ரலில் நாங்கள் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்திருந்தோம். அந்த வட்டிக்கு இனி ஒரு கடன் கிடைக்குமா என்று நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

ஆனால் கோபத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுத்தான் வழியைப் பார்க்க வேண்டும். மாலபேயை முதலில் எடுத்தது சரியான தெரிவு. நகரத்திலிருந்து வெளியே போகும் பெரிய வீதிகளில் காலி வீதிக்கு அருகே கரையோர ரயில் இருக்கிறது, ஹைலெவல் வீதிக்கு அருகே களனிவெளி ரயில் இருக்கிறது, கண்டி வீதிக்கும் நீர்கொழும்பு வீதிக்கும் பிரதான பாதையும் புத்தளம் பாதையும் இருக்கின்றன. மாலபேக்கு எதுவும் இல்லை. பாராளுமன்றமும் அமைச்சுகளும் அந்தப் பக்கம் போய், கூடவே பல்கலைக்கழகங்களும் கணினிக் கம்பனிகளும் போய்விட்டன. இராஜகிரியவில் 2018ல் மேம்பாலம் திறந்தார்கள். வாகன வரிசை பாலத்துக்கு அங்கால் நகர்ந்தது, அவ்வளவுதான்.

தூணின் மேல் போவதிலும் நியாயம் இருக்கிறது. சிக்னல் இல்லை, கேட் இல்லை, வெள்ளம் வந்தாலும் ஓடும். ஒரு ரயிலில் 800 பேர், மூன்று நிமிடத்துக்கு ஒன்று என்று வைத்தால் மணித்தியாலத்துக்கு ஒரு திசையில் 16,000 பேர். பெரிய ரயிலால் எடுக்க முடியாத திருப்பத்தை லைட் ரயில் எடுக்கும். அதனால் கட்டிடங்களை அதிகம் உடைக்காமல் வீதியோடு ஒட்டிப் போகலாம். குறை என்னவென்றால் நிலையம் இரண்டு மாடி உயரத்தில் நிற்கும். முழங்கால் வலிக்காரருக்கு லிஃப்ட் வேலை செய்ய வேண்டும். இந்த ஊரில் பொது இடத்து லிஃப்ட் எத்தனை நாள் வேலை செய்யும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

பொரளையிலிருந்து கோட்டைக்கு எந்தப் பக்கத்தால்?

நடுப்பகுதி பற்றிய உண்மையான கேள்வி இங்கேதான் வருகிறது. கிழக்கிலிருந்து வரும் வழி பொரளையைத் தொட்டதும் இரண்டாகப் பிரியலாம். நடுவில் பேரே வாவி கிடக்கிறது. அதற்குத் தெற்கால் சுற்றி நகர மண்டபம், கொம்பனித்தெரு வழியாகக் கோட்டைக்கு வரலாம். அல்லது ட்ராம் போன மாதிரி வடக்கால் புஞ்சி பொரளை, மருதானை வழியாக வரலாம்.

ஜப்பான்காரர் தெற்கைத் தெரிந்தெடுத்தார்கள். அந்தப் பக்கம் வீதி அகலம், தூண் வைக்க இடம் இருக்கிறது, உடைக்க வேண்டிய வீடுகள் குறைவு. தேசிய வைத்தியசாலை, லிப்டன் சுற்றுவட்டத்துக் கண் ஆஸ்பத்திரி, யூனியன் பிளேஸ் வங்கிகள், வாவியைச் சுற்றி எழும்பியிருக்கும் மாடிக் கட்டிடங்கள் எல்லாம் அந்த வழியில். அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய் மூன்று பஸ் மாறி வந்தவன் என்ற முறையில் எனக்கு இது பெரிய விஷயம். ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. கறுவாத்தோட்ட ஓரத்தில் வீடுகள் ஐதாக இருக்கின்றன, இருப்பவர்களிடம் கார் இருக்கிறது. அங்கே நிலையம் வைத்தால் ஏறுபவர்களை விட இறங்குபவர்கள்தான் கூட இருப்பார்கள்.

வடக்கு வழியில் சனம் இருக்கிறது. மருதானையைச் சுற்றி பெரிய பாடசாலைகள், தொழில்நுட்பக் கல்லூரி, கடைகள், பின் வளவுகளில் நெருக்கமான குடியிருப்புகள். எல்லாவற்றுக்கும் மேலாக மருதானை ரயில் நிலையம். களனிவெளிப் பாதையும் வடக்கே போகும் பாதைகளும் அங்கேதான் ஒன்று சேர்கின்றன. லைட் ரயில் அங்கே தொட்டால் நுகேகொடையிலிருந்து வருபவர் கோட்டைக்கே வராமல் பொரளைக்கு மாறிப் போகலாம். ஆனால் வீதி ஒடுக்கம், கடைகள் நடைபாதை வரை வந்து நிற்கின்றன. தூணும் நிலையமும் வைக்க வரிசையாகக் கட்டிடங்களை எடுக்க வேண்டும். எடுபடுவது வாடகைக்கு இருக்கும் சின்னக் கடைகள். நட்டஈடு கட்டிடச் சொந்தக்காரருக்குப் போகும், கடைக்காரர் வெறுங்கையோடு நிற்பார். இன்னொன்று, மருதானைக்கும் கோட்டைக்கும் நடுவில் ஏற்கெனவே பல தண்டவாளங்கள் இருக்கின்றன. அதே துண்டுக்கு மேலால் இன்னொன்று கட்டுவது கையில் இருக்கும் குடைக்கு மேல் இன்னொரு குடை பிடிப்பது மாதிரி.

அதனால் உள்ளே வருவதற்குத் தெற்கு வழிதான் என்று நானும் ஒத்துக்கொள்கிறேன். என் சண்டை அதற்கு அடுத்த கட்டத்தில். கோட்டைக்கு வந்த பிறகு என்ன?

திட்டத்தில் கோட்டைதான் கடைசி. ரயில் வரும், எல்லோரும் இறங்குவார்கள், அதே பாதையால் திரும்பிப் போகும். ஒரு நகரத்தின் நடுவில் வழியை முடிப்பதால் மூன்று நட்டம் வருகிறது. காலையில் உள்ளே வரும் ரயில் நிரம்பி வழியும், திரும்பும் ரயிலில் காற்று மட்டும் போகும். ஊடறுத்துப் போகும் வழியில் ஒரு பக்கம் இறங்க மறுபக்கம் ஏறும், ஒரே ரயில் இரண்டு முறை உழைக்கும். இரண்டாவது, சனம் முழுவதும் ஒரே மேடையில் கொட்டுப்படும். கோட்டை ரயில் நிலையத்தின் முன்னால் ஒல்கொட் மாவத்தையைக் கடக்கும் கூட்டத்தை மாலை ஐந்து மணிக்குப் பார்த்தவர்களுக்கு விளங்கும். மூன்றாவது, திரும்புவதற்கு இடம் வேண்டும். பஸ்களை எடுத்துப் பாருங்கள். மத்திய பஸ் நிலையம், பஸ்டியன் மாவத்தை, குணசிங்கபுர என்று நகரத்தின் விலை கூடிய நிலம் முழுக்க அடுத்த டேர்னுக்குக் காத்து நிற்கும் பஸ்கள்தான்.

ஆக, கோட்டையிலிருந்து வடக்கே போக வேண்டும். அதற்கும் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று துறைமுக மதில் ஓரமாக அப்துல் காதர் வீதி. அகலமானது, வீடுகளை உடைக்கத் தேவையில்லை, பொறியியலாளருக்கு இனிக்கும். ஆனால் ஒரு பக்கம் துறைமுகம். கொள்கலன்கள் டிக்கட் எடுப்பதில்லை. அதோடு புதிய களனிப் பாலத்திலிருந்து வரும் மேம்பாலப் பெருந்தெரு துறைமுகப் பக்கத்து வானத்தில் ஏற்கெனவே இடம் பிடித்துவிட்டது. வடகொழும்பின் தலைக்கு மேலால் முதலில் போக வழி கிடைத்தது லொறிக்கும் காருக்கும் என்பதையும் கவனியுங்கள்.

மற்றது சங்கராஜ மாவத்தை, ஆமர் வீதி. இரண்டு பக்கமும் சனம். புதுக்கடை நீதிமன்றங்கள், வாழைத்தோட்டம், பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகள், அங்கால் கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ். நாலு கிலோமீற்றருக்குள் முடிந்துவிடும், மாலபே வழியின் நாலில் ஒரு பங்குக்குக் கிட்ட. ட்ராம் எட்டிய அதே பக்கத்தை இதுவும் எட்டும். நில எடுப்பில் தலைவலி இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் நாலு நிலையம் வைத்தால் நாலும் காலையில் நிரம்பும். நான் இதைத்தான் தெரிந்தெடுப்பேன்.

சென்னையில் இருப்பவர்களுக்கு இந்தக் கதை பழகினது. அங்கே மெட்ரோ 2015ல் கோயம்பேடு பக்கம் தொடங்கி, 2016ல் விமான நிலையத்தைத் தொட்டது. வடசென்னையில் வண்ணாரப்பேட்டையைத் தாண்டி விம்கோ நகர் வரை போக 2021 ஆகிவிட்டது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருப்பவனுக்கு எல்லா ஊரிலும் கடைசி வரிசைதான் போலிருக்கிறது.

ஏற்கெனவே கிடக்கும் தண்டவாளம்

இரண்டாவது தெரிவு, புதிதாக எதையும் கட்டாமல், ஏற்கெனவே இருப்பதைத் திருத்துவது. பாணந்துறையிலிருந்து கடலோரமாகக் கோட்டை, மருதானை ஊடாக ராகமை, வெயாங்கொடை பக்கம் போகும் பாதை. நகரத்தை இப்போதே ஊடறுத்துப் போகும் ஒரே தண்டவாளம் இதுதான். கரையோர ரயில்கள் கோட்டையில் முடியாமல் மருதானைக்குப் போகின்றன, சில இன்னும் தூரம் போகின்றன. நூறு வருடத்துக்கு முந்தியவர்கள் செய்த நல்ல வேலை. இதை மின்மயமாக்க வேண்டும் என்ற பேச்சு என் அப்பா வேலைக்குப் போன காலத்திலிருந்து இருக்கிறது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு கொழும்பு புறநகர் ரயில் திட்டம் என்று ஆய்வுகளும் நடந்தன.

இதில் கிடைக்கும் லாபம் பெரியது. நிலம் ரயில்வேக்குச் சொந்தம். பாதை அகலம் 1,676 மில்லிமீற்றர், பெரிய பெட்டிகள் ஓடலாம். 1,200 பேர் ஏறும் ரயிலைப் பத்து நிமிடத்துக்கு ஒன்று விட்டாலே மணித்தியாலத்துக்கு 7,200 பேர். ஐந்து நிமிடமாக்கினால் லைட் ரயிலின் அளவை நெருங்கிவிடும். டீசல் வண்டியை விட மின்சார வண்டி நிலையத்திலிருந்து சீக்கிரம் வேகம் பிடிக்கும். நிலையங்கள் கிட்டக்கிட்ட இருக்கும் கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைத் துண்டில் அதனால் நிமிடங்கள் மிஞ்சும்.

ஆனால் கரையோரப் பாதை கடலை ஒட்டிப் போகிறது. ரயில் நிலையத்துக்கு நாலு பக்கமிருந்தும் சனம் நடந்து வர வேண்டும். இங்கே ஒரு பக்கத்துப் பயணிகள் மீன்கள். ஹவ்லொக் டவுனில் இருப்பவர் காலி வீதியைக் கடந்து கடற்கரைக்கு வந்து ரயில் ஏற மாட்டார், பஸ்ஸைத்தான் பிடிப்பார். உப்புக் காற்று மின்கம்பியையும் தாங்கிகளையும் தின்னும், பராமரிப்புச் செலவை முதலிலேயே கணக்கில் போட வேண்டும். மருதானைக்கும் கோட்டைக்கும் நடுவில் நெருக்கடி வேறு. வடக்கு, புத்தளம், களனிவெளி ரயில்கள் எல்லாம் அந்தத் தொண்டைக்குள்ளால்தான் வருகின்றன. சிக்னலையும் சந்திகளையும் மாற்றாமல் கம்பி மட்டும் கட்டினால், மின்சார ரயிலும் டீசல் ரயில் மாதிரியே வெளியே காத்து நிற்கும்.

களனிவெளிப் பாதையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒற்றைத் தண்டவாளம், வளைவு கூட, பேஸ்லைன் வீதி, நாரஹேன்பிட்டி, கிருலப்பனை, நுகேகொடை என்று வழி நெடுக வீதிக் கேட்டுகள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு ரயில் என்றால் கேட் திறக்கும் நேரத்தை விட மூடிக் கிடக்கும் நேரம் கூட. ஓரங்களில் குடும்பங்கள் தலைமுறையாக இருக்கின்றன. அவர்களுக்கு வீடு கொடுக்காமல் இரட்டைப் பாதை கிடையாது. இது நடுப்பகுதிக்குத் தீர்வாக வர நாள் எடுக்கும்.

நாளைக்கே தொடங்கக்கூடியது

மூன்றாவது பஸ். பஸ் என்றால் எங்கள் ஊரில் மரியாதை இல்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். சிக்னல் உள்ள நகர வீதியில் ஒரு கார் லேன் மணித்தியாலத்துக்கு எண்ணூறு, தொள்ளாயிரம் வாகனம் விட்டால் பெரிய விஷயம். ஒரு காரில் ஒன்றரைப் பேர் என்று வைத்தால் 1,300 பேருக்குக் கிட்ட. அதே லேனில் நிமிடத்துக்கு ஒரு பஸ், ஒன்றில் 60 பேர் என்றால் 3,600. நிமிடத்துக்கு இரண்டு பஸ் என்றால் 7,200. பெயின்ட் செலவும் பொலிசும் போதும்.

2017ல் இராஜகிரியப் பக்கம் பஸ் லேன் வெள்ளோட்டம் விட்டார்கள். பஸ்கள் நேரத்தோடு போனதை நானே கண்டேன். 2020ல் திரும்பவும் லேன் சட்டம் என்று இறுக்கினார்கள். இரண்டு முறையும் சில மாதத்தில் கோடு அழிந்து கார் புகுந்துவிட்டது. தில்லியும் 2008ல் பஸ்ஸுக்கெனத் தனிப் பாதை போட்டு, கார்க்காரரின் சத்தம் தாங்காமல் 2016ல் அதை உடைத்தது. அகமதாபாதில் 2009ல் தொடங்கியது நிலைத்தது. அங்கே பெயின்ட்டோடு விடவில்லை. வீதியின் நடுவில் வேலி போட்டு, மேடை கட்டி, ஏறும் முன்பே டிக்கட் எடுக்க வைத்தார்கள்.

கொழும்பில் வேலி மட்டும் போதாது. தனியார் பஸ் ஓடுவது கலெக்‌ஷனுக்கு. ட்ரைவரும் கண்டக்டரும் முதலாளிக்கு அன்றைய காசைக் கட்ட வேண்டும். அதனால் பஸ் ஹோல்டில் சனம் நிறையும் வரை நிற்பார்கள், பின்னால் அதே நம்பர் பஸ் தெரிந்ததும் பறப்பார்கள். பஸ் லேனை அவர்களிடம் கொடுத்தால் முன்னால் ஒன்று நிற்கப் பின்னால் பத்து நிற்கும். சனத்துக்குப் பதிலாகக் கிலோமீற்றருக்கும் நேரத்துக்கும் காசு கொடுக்கும் ஒப்பந்தம் வர வேண்டும். லேனை விட இதுதான் கஷ்டம். ஏனென்றால் இதில் பலருடைய சட்டைப் பை இருக்கிறது.

ஊடறுத்துப் போகும் விஷயத்தில் பஸ்ஸுக்குத்தான் கூடச் சுதந்திரம். 155 மட்டக்குளியிலிருந்து தெற்கே சொய்சாபுர வரை நகரத்தைக் கிழித்துக்கொண்டு போகிறது. அந்த மாதிரி இன்னும் நாலு வழி வேண்டும். கொட்டாஞ்சேனை முதல் இராஜகிரிய, முகத்துவாரம் முதல் வெள்ளவத்தை என்று புறக்கோட்டையில் முடியாமல் தொட்டுக்கொண்டு போகும் வழிகள். ஆடி வேல் விழாவில் செட்டியார் தெருவிலிருந்து புறப்படும் ரதம் காலி வீதியால் பம்பலப்பிட்டி வரை நேராகப் போகிறது, நடுவில் யாரும் மாறி ஏறுவதில்லை. வடக்குத் தெற்காக நல்ல சேவை என்று சொல்ல அதுவும் ஒன்று இருக்கிறது. என்ன, வருடத்துக்கு ஒரு தடவைதான் ஓடும்.

சுரங்கம் கேட்பவர்களுக்கு

புறக்கோட்டைக்குக் கீழால் சுரங்கம் போட்டால் என்ன என்று எங்கள் கந்தோரில் ஒருவர் எப்போதும் கேட்பார். செய்யலாம். நிலத்தடிப் பாதைக்குத் தூண் பாதையை விடப் பொதுவாக இரண்டு மூன்று மடங்கு காசு வேண்டும். கோட்டையின் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி, நிலத்தடி நீர் உயரம், பல இடத்தில் சதுப்பை நிரப்பிய மண். நிலையம் தோண்டும் வருடங்களில் மேலே குறுக்குத் தெருக் கடைகள் என்ன செய்யும்? 0.1 வீத வட்டியில் தூண் கட்டவே கைகூடாத நாடு இது. அவர் கேட்கட்டும்.

கையில் எவ்வளவு இருக்கிறது?

காசு இல்லை என்றால், இந்த வருடமே பஸ். கொட்டாஞ்சேனை, கோட்டை, பொரளை, இராஜகிரிய ஒரு வழி. காலி வீதி மற்றது. வேலி போட்ட லேன், கிலோமீற்றருக்குக் காசு, புறக்கோட்டையில் முடியாத பஸ். இந்த ஓட்டத்தில் எந்த நிலையத்தில் எத்தனை பேர் ஏறி இறங்குகிறார்கள் என்று கிடைக்கும் கணக்கே பிறகு ரயிலுக்கு உதவும்.

நடுத்தரமாகக் காசு கிடைத்தால் பாணந்துறை முதல் வெயாங்கொடை வரை மின்மயம், அதிலும் முதல் ரூபாய் மருதானைத் தொண்டையின் சிக்னலுக்கு. வெள்ளவத்தை அக்காவுக்கு இதுதான் நல்லது. எனக்கு ஒன்றும் கிடைக்காது, பரவாயில்லை.

பெரிய கடன் திரும்பவும் கிடைத்தால் மாலபே லைட் ரயில்தான். தெற்கு வழியாகவே வரட்டும். பஸ்ஸை மட்டும் நம்பி அந்தப் பக்கத்தை இன்னும் இருபது வருடம் ஓட்ட முடியாது. முன்பு பஸ்தான் போதும் என்று நானும் வாதாடியிருக்கிறேன். பத்தரமுல்லையில் மழை நாளில் ஒன்றரை மணித்தியாலம் நின்றதோடு அந்த வாதம் போய்விட்டது.

ஆனால் வடக்குத் துண்டுக்கு அப்போது காசு போதாது என்பார்கள், எப்போதும் சொல்வதுதான். சரி, கட்டாவிட்டாலும் கோட்டை நிலையத்தை முட்டுச்சந்தாகக் கட்டாமல் இருக்கலாம். பாதை முடிகிற இடத்தில் படிக்கட்டையும் கடைத்தொகுதியையும் குறுக்கே வைத்துவிட்டால், பிறகு நீட்ட நினைக்கிறவன் நிலையத்தையே உடைக்க வேண்டும். மேடைகளை இரண்டு பக்கமும் திறந்து வைத்து, ஒல்கொட் மாவத்தை வழியாகக் கிழக்கே திரும்பும் கோணத்தில் தூண்களை நிறுத்தி, மேடைக்கு அங்கால் இருநூறு மீற்றர் தண்டவாளம் போட்டு விடட்டும். ரயில் திரும்புவதற்கும் அந்தத் துண்டு வேண்டும். சங்கராஜ மாவத்தைப் பக்கம் பார்த்துக்கொண்டு அது கிடக்கட்டும்.